நட்ட கையே வெட்ட வந்தால்…

பழனி மலையில், ஒரு காலத்தில் தானே வளர்த்த அந்நிய மரங்களை இன்று தானே அகற்றவேண்டிய இடத்தில் நிற்கிறது வனத்துறை. மரத்தைச் சாய்க்க இயந்திரம் போதும். கவுஞ்சி போன்ற ஊர்களின் நம்பிக்கையைத் திரும்பப் பெற என்ன வேண்டும்?

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டிக் கவுஞ்சிக்குப் போகும் சாலையில் கண்ணுக்கு எட்டியவரை பச்சை. படிப்படியாக இறங்கும் பூண்டு வயல், கேரட் பாத்தி, அது முடிகிற இடத்தில் நெருக்கியடித்து நிற்கும் மரக்கூட்டம். சுற்றுலா வருகிறவர்கள் அதைக் காடு என்று படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். ஐம்பது வருடத்துக்கு முன் அந்த மேட்டில் மாடு மேய்த்தவர் பார்த்தது வேறு. பள்ளங்களில், ஓடைக் கரைகளில் சோலை. மற்ற மேடெல்லாம் புல்.

2018-ல் வெளியான ஓர் ஆய்வு, 1973 முதலான செயற்கைக்கோள் படங்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டது. நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் உயர்மட்டப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போயே போய்விட்டது என்பது அதன் முடிவு. அந்த இடத்தை எடுத்துக்கொண்டவை இரண்டு: மரத்தோட்டங்கள், விவசாயம்.

மரத்தோட்டம் போட்டது வனத்துறை. அதை அகற்றிப் புல்லையும் சோலையையும் மீட்கவேண்டும் என்று இன்று கொள்கை வகுத்திருப்பது தமிழக அரசு. அந்நியத் தாவரங்களை அப்புறப்படுத்தச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றமும் தொடர்ந்து உத்தரவு போட்டுவருகிறது. களத்தில் இறங்கி இதைச் செய்யவேண்டியது மறுபடியும் வனத்துறைதான். முந்தைய தலைமுறை அதிகாரிகள் சாதனை என்று பதிவேட்டில் எழுதிவைத்ததை, இன்றைய தலைமுறை பிழை என்று எழுதிக் கலைக்கவேண்டும். அதுவும் தன்னை நம்பாத ஊர்களின் நடுவில் நின்றுகொண்டு.

ஓர் அமைப்பைத் தலைமையேற்று நடத்துகிறவருக்கு இதைவிடச் சிக்கலான வேலை அதிகம் இருக்காது. மரத்தை எப்படி வெட்டுவது என்பதற்குத் துறையிடம் ஆட்கள் இருக்கிறார்கள். ஊர் ஏன் நம்பவேண்டும் என்பதற்குத்தான் பதில் தேவைப்படுகிறது.

தரிசு என்று எழுதப்பட்ட புல்

மரமில்லாத மலை, ஆங்கிலேய வன அதிகாரிகளின் கணக்கில் பயனற்ற நிலம். விடுதலைக்குப் பின் வந்த திட்டங்களும் அந்தக் கணக்கை மாற்றவில்லை. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலிருந்து 19-ஆம் நூற்றாண்டிலேயே நீலகிரிக்கு வந்துவிட்ட பிளாக் வாட்டில் மரம், ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பழனி மலையிலும் பெருமளவில் நடப்பட்டது. கூடவே யூகலிப்டஸ், பைன்.

அன்றைக்கு அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. வாட்டில் பட்டையில் டானின் அதிகம். தோல் பதனிட அதுதான் மூலப்பொருள். மலையடிவாரத்துத் திண்டுக்கல்லிலும், வாணியம்பாடி, ஆம்பூரிலும் தோல் தொழில் பெரிதாக நடந்த காலம். மரக்கூழுக்கும் தேவை இருந்தது. சிறுமுகையில் பவானி ஆற்றங்கரையில் இருந்த விஸ்கோஸ் ஆலை மரத்தைக் கூழாக்கி இழை செய்தது. சும்மா கிடக்கிற மேட்டில் பணம் தரும் மரம் வளர்ந்தால் நாட்டுக்கு நல்லது என்று நினைத்தவர்கள் தங்கள் காலத்து அறிவுக்கு உண்மையாகத்தான் இருந்தார்கள்.

பிறகு காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தோல் பதனிடக் குரோமியம் பரவலாக வந்தது. சிறுமுகை ஆலை மூடப்பட்டது. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, காடு வருமானத்துக்கு அல்ல, சூழலைக் காக்கவும் சுற்றியிருக்கும் மக்களின் தேவைக்கும்தான் என்று திசையைத் திருப்பியது. ஆனால் கொள்கை மாறியது வாட்டிலுக்குத் தெரியாதே! அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ ஒருமுறை மேலே ஓடினால் போதும், வெப்பத்தில் ஓடு வெடித்து அத்தனையும் ஒன்றாக முளைக்கும். யாரும் நடாமலே அது புல்மேட்டில் ஏறிக்கொண்டே போனது.

இதில் இழப்பு புல்லோடு நிற்பதில்லை. பெய்கிற மழையை உள்வாங்கி மெதுவாக விடுகிற அமைப்பு அந்தப் புல்லும் சோலையும். இந்த மலையின் வடக்குச் சரிவில் இறங்கும் நீர்தான் அமராவதிக்கும், குதிரையாறு, பாலாறு-பொருந்தலாறு அணைகளுக்கும் போகிறது. கவுஞ்சி மேட்டில் என்ன நிற்கிறது என்பது பழனி, உடுமலைப் பக்கத்து வயலுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

உத்தரவுகளின் வரிசை

துறையின் நிலைப்பாடு மாறியதற்கு அறிவியல் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் ஊருக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தவை உத்தரவுகள் மட்டும்.

1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் எல்லைக்கல் நட்டது. அதற்கு முன்பே இந்த மலையில் பயிர் செய்துவந்த குன்னுவருக்கும், காட்டையே வீடாகக் கொண்டிருந்த பளியருக்கும், ஒரு கோட்டுக்கு அப்பால் கால் வைத்தால் குற்றம் என்று ஆனது. 1955-ல் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டவும் அனுமதி வாங்கவேண்டும். அதற்குப் பிறகு புல்மேட்டில் துறையே வாட்டில் நட்டது, மேய்ச்சல் சுருங்கியது. 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம். 1990-களின் கடைசியில் ஜப்பான் கடனுதவியுடன் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம். அதன் கீழ் கிராம வனக் குழுக்கள். ஊரும் துறையும் கூட்டாளிகள் என்று சொல்லி மாநிலமெங்கும் தொடங்கிய அந்தக் குழுக்களில் பல, திட்டப் பணம் தீர்ந்ததும் பெயரளவுக்குப் போயின.

2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தபோது நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் 2008-ல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு, தன் அனுமதியின்றி உரிமைப் பட்டயம் வழங்கக்கூடாது என்றது. அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2016-ல். எட்டு வருடம் போனது போனதுதான். பழங்குடி அல்லாதவர்கள் 75 ஆண்டு, அதாவது மூன்று தலைமுறை, குடியிருப்பை நிரூபிக்கவேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் இருக்கும் இன்னொரு படிக்கட்டு.

2013-ல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு, கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022 ஜூன் 3 அன்று, சரணாலயங்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குக் கட்டாயச் சூழல் உணர்திறன் மண்டலம் என்றது உச்ச நீதிமன்றம். 2023 ஏப்ரல் 26 அன்று அதைத் தளர்த்தியது. வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் முடிந்த அந்த ஏறக்குறைய பதினொரு மாதம், மலை ஊர்களில் வதந்திக்குப் பஞ்சமில்லாத காலம். வீடு கட்ட முடியாது, மோட்டார் போட முடியாது, கடைசியில் ஊரையே காலி செய்யச் சொல்வார்கள் என்று பேச்சு கிளம்பினால், அதை மறுத்துச் சொல்ல ஓர் அதிகாரி வந்து நிற்கவேண்டும். நிற்காத இடத்தில் பேச்சுதான் உண்மை ஆகும்.

2022 ஜூலையில் அந்நியத் தாவரங்கள் பற்றிய தமிழக அரசின் கொள்கை வெளியானது. இப்போது ஊர் இந்த வரிசையைப் பார்க்கிறது. தொடாதே என்றார்கள். பிறகு அவர்களே நட்டார்கள். நட்டதைத் தொடாதே என்றார்கள். இப்போது அவர்களே வெட்டுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அலுவலகக் கோப்பில் காரணம் உண்டு. ஊரின் நினைவில் உத்தரவு மட்டும் உண்டு.

இதோடு இன்னொரு சுமையையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் நடந்த கொடுமை. வனம், காவல், வருவாய் என மூன்று துறைகளையும் சேர்ந்த 269 பேர் மீது வழக்கு. உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து 2023-ல் அதே தேதியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தண்டனை பெற்றவர்களில் பாதிக்கு மேல் வனத்துறையினர். கொடைக்கானல் வனக் கோட்டத்துக்கும் வாச்சாத்திக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் காக்கி உடை ஒன்றுதான். தமிழ்நாட்டில் எந்த மலையில் பொறுப்பேற்கும் வன அதிகாரியும் இந்த வரலாற்றைச் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறார். எனக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுக்குகிறவருக்கு, எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பது கடைசிவரை புரியாது.

துறைக்குள்ளும் ஒரு மாற்றம்

வெளியே இருப்பவர்களைச் சமாதானப்படுத்துவது பாதி வேலை. மீதிப் பாதி அலுவலகத்துக்குள்ளே.

ஒரு வனச் சரகம் இத்தனை காலமும் தன் உழைப்பைக் காட்டியது எதை வைத்து? எத்தனை ஹெக்டேர், எத்தனை கன்று, எத்தனை பிழைத்தது. பதிவேட்டின் கட்டங்களே மரத்துக்காக அடிக்கப்பட்டவை. புல்லை மீட்கிற வேலையில் கன்றுகளின் எண்ணிக்கை குறையத்தான் வேண்டும். பத்தாண்டு கழித்து நின்று பார்த்தால் ஒரு வெட்டவெளி. அதுதான் வெற்றி. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பழைய அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு புதிய வேலையைச் செய்யச் சொன்னால், ஊழியர் பழைய வேலையைத்தான் செய்வார். பெயரை மட்டும் மாற்றி எழுதுவார். புல்லுக்கும் நாற்றங்கால் உண்டு, தூர் பிரித்து நடவேண்டும், முதல் மழைக்கு முன் மண் தயாராக வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியிலும் பதிவேட்டிலும் ஏறினால்தான் மாற்றம் தலைமை அலுவலகச் சுற்றறிக்கையைத் தாண்டி இறங்கும்.

அப்படி இறங்கும்போது அது கடைசியில் வந்து நிற்கும் ஆள் யார்? மாவட்ட வன அலுவலர் அல்ல. வனச்சரகர், வனவர், வனக் காப்பாளர் என்று படியிறங்கி, கடைசிப் படியில் நிற்கும் வேட்டைத் தடுப்புக் காவலர். ஊரில் அவர் பெயர் வாட்சர். பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர், அல்லது பளியர் குடியிருப்பைச் சேர்ந்தவர். பலருக்கு நிரந்தரப் பணியும் இல்லை. கவுஞ்சி டீக்கடையில் ஒருவர் அவரைப் பிடித்து, "நேத்து வரைக்கும் இந்த வாட்டிலைத் தொட்டா கேஸுன்னீங்க, இன்னைக்கு நீங்களே மெஷின் கொண்டாந்து அறுக்கறீங்க, என்னண்ணே கதை?" என்று கேட்டால் என்ன சொல்வார்? மேலே சொன்னாங்க என்பதைத் தவிர அவரிடம் பதில் இல்லையென்றால், துறையின் மொத்தக் கொள்கையும் அந்த டீக்கடையிலேயே தோற்றுப்போகும்.

தலைமை என்றால் மேடைப் பேச்சு என்று நினைக்கிறோம். இங்கே அது, கடைசிப் படியில் நிற்கிறவரின் வாயில் உண்மையான பதிலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பதிலோடு கொஞ்சம் அதிகாரமும். பயிர்ச் சேத மனு வாங்கி ரசீது கொடுக்கவும், விறகுச் சுமைக்கு அங்கேயே முடிவு சொல்லவும் முடியாத வாட்சர், ஊருக்குத் துறையின் முகமாக இருக்க முடியாது. வெறும் காவலாகத்தான் இருப்பார்.

வட்டக்கானல் சொல்லும் பாடம்

வாட்டிலை வெட்டினால் புல் வந்துவிடுமா? எல்லா இடத்திலும் வராது. இந்தக் கேள்வியில் துறையைவிட முந்திக்கொண்டு யோசித்தவர்கள் சில தனியார்.

1985-ல் கொடைக்கானலில் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்புக் குழு, மலையின் காட்டைப் பற்றிப் பொதுவெளியில் பேசவைத்தது. செண்பகனூரின் இயேசு சபைத் துறவி கே.எம். மேத்யூ, பழனி மலையின் தாவரங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து 1999-ல் பெரும் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்திலிருந்து 1980-களில் வந்து வட்டக்கானலிலேயே தங்கிவிட்ட பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இணையர், சோலை மரங்களின் நாற்றங்காலை வளர்த்தார்கள். வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை அவர்களுடைய உழைப்பில் உருவானது.

அவர்கள் குனிந்து பார்த்துச் சொன்ன ஒரு விஷயம் முக்கியமானது. சோலையை ஒட்டியிருக்கும் முதிர்ந்த வாட்டில் தோட்டத்துக்குள் போய்த் தரையைப் பார்த்தால், உதிர்ந்த சருகுக்கு நடுவே சோலைக் கன்றுகள் தலைகாட்டும். அவற்றுக்கு வெயில் ஆகாது, நிழல் வேண்டும். அந்நிய மரமே அந்த நிழலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஒட்டுமொத்தமாக அறுத்துத் தள்ளினால் நிழலும் போகும், கன்றும் போகும். வெளிச்சம் பட்ட மண்ணில் பழைய வாட்டில் விதை பாய் விரித்தாற்போல முளைக்கும். ஐந்து வருடத்தில் முன்பைவிட நெருக்கமான வாட்டில் காடுதான் மிச்சம்.

புல்மேட்டின் ஓரத்தில் கதை வேறு. அங்கே இளம் வாட்டிலை விட்டுவைத்தால் மேடே போய்விடும். மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில் கன்றை வேரோடு பிடுங்கவேண்டும். அடுத்த மழைக்கு மறுபடி வரவேண்டும். அதற்கடுத்த மழைக்கும். மண்ணில் விதை தீரும்வரை இது ஓயாது. செங்குத்துச் சரிவில் கனரக இயந்திரம் ஏறினால் மண் கீழே வந்துவிடும்.

ஆக, ஒரே மலையில் ஓரிடத்தில் வெட்டு, ஓரிடத்தில் விட்டுவை, ஓரிடத்தில் வருடா வருடம் பிடுங்கு என்று மூன்று வகை வேலை. ஆய்வாளர்களும் இப்படி இடத்துக்கு இடம் பிரித்துச் செய்யத்தான் சொல்கிறார்கள். அறிவியலுக்கு இது எளிது. ஊருக்கு? கிழக்குச் சரிவில் லாரி நிற்கிறது, மேற்குச் சரிவில் தொடவே இல்லை என்றால், காரணம் தெரியாதவர் சொல்லும் முதல் வார்த்தை, கான்ட்ராக்டர் யாருன்னு பாரு என்பதுதான். சரியாகச் செய்யப்படும் வேலைகூட, விளக்கம் இல்லாவிட்டால் ஊழலாகத் தெரியும்.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்?

கவுஞ்சிக்குத் தெற்கே, தேனி மாவட்ட எல்லைக்கு அப்பால் தேக்கடி. 1996-ல் பெரியார் புலிகள் காப்பகத்தில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, அங்கே வனத்துறைக்கும் சுற்றுப்புற ஊர்களுக்கும் உறவு கெட்டுக்கிடந்தது. காட்டு இலவங்கப் பட்டை உரித்துக் கடத்தியவர்கள் மீது வழக்குகள் குவிந்திருந்தன. துறை எடுத்த முடிவு துணிச்சலானது: பிடிப்பதை விட்டுப் பேச உட்கார்ந்தது. வழக்குகளிலிருந்து வெளியே வர வழி செய்து, அவர்களையே ஒரு குழுவாக்கி, பயணிகளைக் காட்டுக்குள் நடத்திச் செல்லும் வழிகாட்டிகளாகவும் ரோந்துக்காரர்களாகவும் ஆக்கியது. கடத்தல் பாதையை அவர்களைவிட அறிந்தவர் யார்? பிறகு வசந்த சேனை என்ற பெயரில் பெண்கள் கூலி வாங்காமல் சந்தன மரங்களைக் காக்க ரோந்து போனார்கள். உலக வங்கி உதவியோடு நடந்த திட்டம் 2004-ல் முடிகிற நேரத்தில், சுற்றுலா வருமானத்தில் இந்த ஏற்பாடு தொடர்வதற்காகப் பெரியார் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. பணம் நின்றதும் குழு சாகாமல் பார்த்துக்கொண்டதுதான் அந்தத் தலைமையின் உண்மையான கெட்டிக்காரத்தனம்.

நம் களக்காடு-முண்டந்துறையிலும் 1990-களின் நடுவில் இதே போன்ற முயற்சி நடந்தது. காட்டிலிருந்து தலைச்சுமையாக விறகு கொண்டுவந்து விற்ற பெண்களை விரட்டுவதற்குப் பதில், கிராம வனக் குழுவிடம் சுழல்நிதி கொடுக்கப்பட்டது. கடன் கொடுப்பதும் வசூலிப்பதும் ஊரே. விறகுச் சுமை குறைந்ததற்குக் காரணம் காவல் அல்ல. கையில் வேறு தொழில் இருந்தது.

உலகத்துக்கே வாட்டில் பட்டை விற்ற தென்னாப்பிரிக்காவின் கதை இன்னும் நெருக்கமானது. அங்கும் அதே மரம் ஆற்றங்கரைகளை விழுங்கியது. நிறவெறி ஆட்சி முடிந்து அரசாங்கம் என்றாலே கறுப்பின மக்களுக்கு நம்பிக்கையில்லாத நேரம். 1995-ல் நீர்வளத் துறை அமைச்சர் காதர் அஸ்மல், அந்நிய மரங்களை அகற்றும் வேலையைத் தொடங்கினார். திட்டத்தின் பெயரில் மரமே இல்லை. தண்ணீருக்காக உழைப்பது என்பதுதான் அதன் பெயர். வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் அந்தந்த ஊர் ஏழைகள், அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. மரத்தை வெட்டினால் என் ஆற்றில் தண்ணீர் வரும், என் கையில் கூலி வரும் என்று ஊர் நேரடியாகப் பார்க்க முடிந்தது.

மூன்று இடத்திலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். நம்பிக்கை கேட்டு வாங்கப்படவில்லை. அதிகாரத்தில் ஒரு துண்டை முதலில் துறை விட்டுக்கொடுத்தது. நம்பிக்கை அதன் பின்னால் வந்தது.

கவுஞ்சிக்கு என்ன வேண்டும்?

முதலில் விறகு. இரண்டாயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில், மார்கழிக் குளிரில் அடுப்பு என்பது சமையலுக்கு மட்டுமல்ல. பல வீடுகளில் எரிவது இந்த வாட்டில்தான். புல் வேண்டும் என்று நகரத்தில் எழுதுகிறவர் இதை மறந்துவிடுகிறார். வெட்டும் மரத்தில் எவ்வளவு ஏலத்துக்கு, எவ்வளவு ஊர் அடுப்புக்கு என்பது வேலை தொடங்கும் முன் எழுத்தில் வரவேண்டும்.

இரண்டாவது வேலை. பிடுங்கும் பணி பல வருடம் நீளும் என்பதால் அது உள்ளூர் ஆட்களுக்கே பொருத்தமானது. வெளியூர் ஒப்பந்தக்காரர் ஒரு முறை அறுத்துவிட்டுப் போவார். மூன்றாவது மழைக்கும் அதே மேட்டுக்கு ஏறி வர, அந்த ஊரில் இருக்கிறவரால்தான் முடியும்.

மூன்றாவது காட்டுமாடு. விதைப் பூண்டுக்கு முதல் போட்டு, கூலி போட்டு, வடுகபட்டிச் சந்தைக்குப் போகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிற விவசாயியின் உழைப்பு மொத்தமும் போக, மாடு வயலில் இறங்கும் ஒரு இரவு போதும். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்தது, பயிருக்கு வரவில்லை. மேட்டில் புல் திரும்பினால் மாடு வயலுக்கு இறங்குவது குறையும் என்று துறை நம்பினால், அதையும் நேரடியாகச் சொல்லலாம். ஆனால் அது நாளைக்கே நடக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதுவரை சேத மனுவுக்குக் கையில் ரசீது, முடிவுக்கு ஒரு தேதி.

நான்காவது வரைபடம். எந்தச் சரிவில் வெட்டு, எதில் விட்டுவைப்பு, ஏன், சரணாலய எல்லை எங்கே முடிகிறது, பட்டா எங்கே தொடங்குகிறது என்பதைத் தமிழில், பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதிவைக்க எந்தக் கடனுதவியும் தேவையில்லை. கீழே ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண் இருந்தால் போதும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். யாரிடம் பேசுவது? திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் நாற்காலி காலியாக இருக்கும் காலத்தில், இரண்டு அதிகாரிகள் தங்களுக்குள் கையெழுத்திட்டுக்கொள்வது ஊரின் சம்மதம் ஆகாது. ஆண்டுக்கு ஆறு கிராம சபை உண்டு. வன உரிமைச் சட்டமும் கிராம சபைக்குத்தான் அதிகாரம் தந்திருக்கிறது. பேசவேண்டிய இடம் அதுதான்.

ஊருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. புல்வெளியைத் தின்றது மரத்தோட்டம் மட்டுமல்ல, விவசாயமும்தான் என்று அந்த 2018 ஆய்வு சொன்னதை வசதியாக மறந்துவிடக் கூடாது. கிராம சபையில் துறை தன் பழைய பிழையைப் பேசும்போது, எல்லைக்கல்லைத் தாண்டிய ஏரைப் பற்றி ஊரும் பேசவேண்டியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒப்புக்கொள்வது பேச்சுவார்த்தை ஆகாது. ஆனால் யார் முதலில் பேசுவது என்றால், சட்டமும் காக்கியும் யார் கையில் இருக்கிறதோ அவர்தான்.

அடுத்த அதிகாரி வரும்போது

இத்தனையும் ஒரு நல்ல அதிகாரி வந்தால் நடக்கும் என்று நாம் வழக்கமாக முடித்துவிடுகிறோம். சிக்கலே அங்கேதான். நல்ல அதிகாரி சில ஆண்டில் மாற்றலாகிப் போவார். வாட்டில் விதை மண்ணில் கிடக்கும் காலத்தோடு ஒப்பிட்டால் அவருடைய பதவிக்காலம் ஒன்றுமே இல்லை. பழையவர் ஒப்புக்கொண்டதைப் புதியவர் எனக்குத் தெரியாது என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஊர் ஒரு படி பின்வாங்குகிறது. அடுத்து வருகிறவர் முன்னவரைவிட நல்லவராகவே இருந்தாலும் அந்தப் படியிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

இதற்கு மருந்து ஆளில் இல்லை, நடைமுறையில் இருக்கிறது. கிராம சபையில் துறை கொடுத்த வாக்குகள் அனைத்தும் ஒரே பதிவேட்டில்: எது செய்யப்பட்டது, எது செய்யப்படவில்லை, ஏன். அதன் ஒரு பிரதி சரக அலுவலகத்தில், ஒன்று ஊராட்சியில். புதிதாகப் பொறுப்பேற்கும் சரகரோ மாவட்ட வன அலுவலரோ, அடுத்து வரும் கிராம சபையில் அதை வாய்விட்டுப் படித்து, இதில் எதைத் தொடர்கிறேன், எதை மாற்றுகிறேன் என்று சொல்லிக் கையெழுத்திடவேண்டும். மாற்றக்கூடாது என்றில்லை. ஆய்வு புதிதாக ஒன்றைக் காட்டினால் மாற்றத்தான் வேண்டும். காரணத்தைச் சொல்லி மாற்றவேண்டும், அவ்வளவுதான்.

நூற்றி நாற்பது ஆண்டுக்கும் மேலாக இந்த மலையில் உத்தரவு மேலிருந்து கீழே வந்தது. காரணம் கோப்பிலேயே தங்கிவிட்டது. வாட்டில் நட்ட காலத்தில் ஊரைக் கூப்பிட்டு, இந்த மேட்டில் புல் போனால் உங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டிருந்தால், மாடு மேய்த்தவர் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பார். அந்த ஒரு கேள்வியைக் கேட்காததன் செலவைத்தான் இன்று கோடிக்கணக்கில் அரசு கட்டிக்கொண்டிருக்கிறது. புல்லை மீட்கும் திட்டம் அதே பழக்கத்தில் நடந்தால், ஐம்பது வருடம் கழித்து இன்னொரு ஆய்வும் இன்னொரு கொள்கையும் வரும். பழக்கத்தை மாற்றுகிற தலைமை கிடைத்தால், மரத்தை எப்போது, எங்கே வெட்டுவது என்பதைக் கவுஞ்சியே துறைக்குச் சொல்லும்.